‘நான்’ நீக்கிய பதிப்பு

உங்கள் ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை, உஸ்தாஸ் லபீப். மன்ஷியா பக்கத்துப் பழைய கட்டடங்கள் எல்லாமே இப்படித்தான். குளிர்காலம் வந்தால் கடல் காற்று நேரே மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஒரு அட்டையை மடித்துச் செருகினால் போதும். போகும்போது நானே செய்துவிட்டுப் போகிறேன்.

பதிப்பகத்தின் வக்கீல் என்ற முறையில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் நான் யாரையோ கொன்று கடலில் போட்டுவிட்டது போலிருக்கிறது. நான் ஒரு மருத்துவரின் புத்தகத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்தேன். அவ்வளவுதான்.

தார் அல்-கரன்ஃபில் பதிப்பகத்தில் கோப்பு மாற்றுவதுதான் என் வேலை. எழுத்தாளர்கள் வேர்டில் அனுப்புவார்கள். தலைப்பு சிவப்பில், மேற்கோள் பச்சையில், பத்திக்குப் பத்தி வேறு எழுத்துரு, நடுவில் பேத்தியின் பிறந்தநாள் படம். அதை அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது. இணையத்திலும் ஏற்ற முடியாது. இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு என்று வெறும் குறிகளால் சொல்லும் எளிய உரையாக முதலில் மாற்ற வேண்டும். பிறகு அதிலிருந்து அச்சுக்கு ஒரு வடிவம், இணையத்துக்கு ஒன்று, கைபேசியில் படிக்க ஒன்று. இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை: எந்தக் கோப்பு, எதிலிருந்து எதற்கு. என்டரைத் தட்டினால் முடிந்தது. ஆளுக்குச் சட்டை மாற்றிவிடுகிற வேலை. சட்டைதான் மாற வேண்டும், ஆள் மாறக்கூடாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. கோப்பைக் கிளை கிளையாகப் பிரித்துப் போட்டபின், புது வடிவத்தில் எழுதுவதற்கு முன்னால், நாம் எழுதிய சின்ன நிரல் ஒன்றை இடையில் ஓடவிடும். வடிகட்டி என்போம். உருவாக்கியவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள்.

டாக்டர் ரஃபத்தின் கோப்பு கோடையில் வந்தது. ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர். வாழ்நாள் முழுக்க வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். எதிராளி பதில் சொல்லக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எழுதியது வாழ்க்கை வரலாறு, முதல் பாகம். தலைப்பு ‘நானும் கடலும்’. எங்கள் முதலாளி மேடம் இன்ஷிராஹ் அதைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டார். அவருடைய காதில் எதையோ ஒரு காலத்தில் டாக்டர் சரிசெய்திருக்கிறார்.

வாரம் தவறாமல் டாக்டர் என் அறைக்கு வருவார். நிற்கமாட்டார், உட்காரமாட்டார், மேசை மேல் ஒரு கையை ஊன்றிக்கொள்வார். கணினியைத் தொடுகிறவர்கள் எல்லோரும் அவருக்கு ‘பாஷ்முஹந்திஸ்’, இன்ஜினியர் ஐயா.

“பாஷ்முஹந்திஸ், ஒரு சின்னத் திருத்தம்தான். ‘நான் சிறந்த மருத்துவன்’னு ஒரு இடத்துல வருது இல்ல? அதை ‘நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா நான் சிறந்த மருத்துவன்’னு மாத்திடுங்க. கொஞ்சம் அடக்கமா இருக்கும்.”

“மாத்திடலாம் டாக்டர்.”

“தடிச்ச எழுத்துல.”

முழுப் புத்தகமும் தடித்த எழுத்தில்தான் இருந்தது. அதனால் நான் எழுதிய முதல் வடிகட்டி தடிப்பை எடுத்தது. இரண்டாவது, வரிக்கு மூன்றாக நின்ற ஆச்சரியக்குறிகளை எடுத்தது. இதையெல்லாம் யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். மேடம் இன்ஷிராஹ் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பாடா, இப்பத்தான் கண்ணு வலி போச்சு ஹெல்மி” என்று சொல்லி எனக்கும் ஒரு சிகரெட் நீட்டினார். எங்கள் பதிப்பகத்தில் பாராட்டு என்பது அதுதான்.

நான் கோப்புகளைப் படிப்பவன் அல்ல. எதையும் படித்தால் வேலை நடக்காது. ஆனால் ஒரு நாள் டாக்டர் ஒட்டியிருந்த ஏதோ ஓர் அட்டவணையில் கருவி முட்டிக்கொண்டு நின்றது. எங்கே முட்டியது என்று பார்க்கப் போனேன். பக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தது. எனக்கு மனப்பாடம்.

‘நான் என் புகழ்பெற்ற தொண்டை அறுவைச் சிகிச்சையைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தபோது, இக்லால் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள், என் நகைச்சுவைக்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.’

இக்லால் அவருடைய மனைவி. அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பெண் உயிரோடு நிற்கிறாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டாக்டர் நின்றுகொண்டு அவளை நசுக்குகிறார். டிராமில் ஒருவர் நம் பக்கத்துப் பெண்மணி மேல் சாய்ந்தால், ‘ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்லமாட்டீர்களா, உஸ்தாஸ்? அதைத்தான் செய்தேன்.

சுலபமான காரியம் இல்லை. முதலில் ‘நான்’ வரும் வாக்கியங்களை முழுதாகத் தூக்கினேன். மிஞ்சியது முன் அட்டையும், எகிப்தின் மழையளவைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பும். பிறகு வாக்கியத்தை உடைத்து, ‘நான்’ நிற்கும் துண்டை மட்டும் எடுத்தேன். அப்போதும் அது ஒழியவில்லை. வினைச்சொல்லின் வாலில் ஒளிந்துகொண்டிருந்தது: சென்றேன், வென்றேன், வியக்க வைத்தேன். வாலையும் பிடித்தேன். ‘எனது தாழ்மையான கருத்தில்’ என்று ஒன்று வேறு வேஷம் போட்டு வந்தது. அதையும் பிடித்தேன். எல்லாம் அலுவலக நேரத்தில்தான் செய்தேன். அந்த நேரத்துச் சம்பளத்தை வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள், நியாயம்தான்.

கடைசியில் வந்தது ஒரு மெல்லிய புத்தகம். ‘இக்லால் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.’ அவ்வளவுதான், அடுத்த பத்தி. இக்லால் மீன் சுத்தம் செய்தாள். செதில் அவள் புருவத்தில் ஒட்டியிருந்தது. புயலடித்த இரவில் மாமியாரின் காலைப் பிடித்துவிட்டாள். இப்ராஹிமிய்யா டிராமில் ஒரு டிரைவர் தினமும் அவளுக்காக அரை நிமிஷம் கூடுதலாக நிறுத்தினார். இதையெல்லாம் டாக்டர்தான் எழுதியிருந்தார், தன்னைப் பற்றிச் சொல்லும் வழியில், கால் தடுக்கியது போல. தலைப்பையும் வடிகட்டி விடவில்லை. ‘கடலும்’ என்று மட்டும் நின்றது. தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ‘உம்’மைப் பற்றி ஒரு பத்திரிகை அரைப்பக்கம் வியந்து எழுதியது.

டாக்டர் அச்சுப்படியில் அட்டையில் இருந்த தன் முகத்தை மட்டும் பார்த்தார், தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. தன் புகைப்படம் போதிய அளவு பெரிதாக இருக்கிறதா என்று சாண் வைத்து அளந்தார். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“என்ன பாஷ்முஹந்திஸ், இவ்வளவு ஒல்லியா இருக்கு?”

“புதுசா வந்திருக்கற காகிதம், டாக்டர். மெலிசா இருக்கும், அடர்த்தி ஜாஸ்தி.”

“அப்போ நல்லதுதான்” என்றார். அடர்த்தி அதிகம் என்று நான் சொன்னதில் பொய் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மீதி உங்களுக்கே தெரியும். ராம்ல் நிலையத்துக்குப் பக்கத்து அரங்கில் புத்தகத்துக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். டாக்டர் புதுக் கோட்டு அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விமர்சகர் அம்மையார் ஒருவர் மேடையேறி, இந்த ஆசிரியரைப் போல் தன்னை முற்றாக அழித்துக்கொண்ட ஒருவரை நம் இலக்கியத்தில் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு மீன் செதில் பக்கத்தைப் படித்துக் காட்டினார். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாக்டர் எழுந்தார். முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போயிருந்தது.

“இது நான் எழுதின புத்தகமே இல்ல.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பின்னால் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “பார்த்தியா, இதைக்கூடத் தன்னுதுன்னு சொல்லிக்க மாட்டேங்கறார். மனுஷன்னா இவர்தான்யா” என்றார். டாக்டர் மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் வந்து மேடம் இன்ஷிராஹின் மேசையில் இருந்த சாம்பல் கிண்ணத்தை உடைத்தார். வழக்குப் போடுவேன் என்றார். அவர் போனபின் மேடம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“என்ன பண்ணித் தொலைச்சிருக்கே ஹெல்மி? என் பேரு, என் அப்பா பேரு, பதிப்பகத்துப் பேரு எல்லாம் சந்தி சிரிக்குது.”

“ஆமாம் மேடம்.”

“உன்னை வேலைய விட்டுத் தூக்காம விடமாட்டேன்.”

“சரி மேடம்.”

ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அப்புறம் குரலைத் தணித்தார். “அந்த முன்னாள் கவர்னரோட கோப்பு ஒண்ணு உன்கிட்ட கிடக்கே. போறதுக்கு முன்னாடி அதையும் ஒரு தடவை ஓட்டிட்டுப் போயேன்.”

மேடம் உங்கள் கட்சிக்காரர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி. டாக்டரின் மனைவி என்னை வந்து பார்த்தாரா என்று கேட்டீர்கள். பார்த்தார். அந்தக் கூட்டத்துக்கு முந்தைய வாரம். கையில் காய்கறிப் பை. வெந்தயக்கீரைக்குக் கீழே புத்தகம் இருந்தது. புத்தகத்தைப் படித்திருந்த எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தேன்.

“கம்ப்யூட்டர்ல போட்டுப் புத்தகமா மாத்தறவர் நீங்கதானே தம்பி?”

“ஆமாம் மேடம் இக்லால்.”

“போர்ட் சையத்துல என் தங்கச்சி இருக்கா. அவகூடப் போய் இருந்துடலாம்னு பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டேன். அவர்கிட்டகூடச் சொல்லியாச்சு. கேட்டுட்டு, தன்னோட மூணாவது அத்தியாயத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார்.” சிரித்தார். கதவைச் சாத்திக்கொள்ளாமல் சிரித்தது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்; உடனே வாயைப் பொத்திக்கொண்டார். “இத்தனை வருஷமா அந்த மனுஷன் என்னை ஏறெடுத்துப் பார்த்ததே இல்லைன்னு நெனச்சுட்டிருந்தேன். பார்த்திருக்காரே தம்பி. புருவத்துல செதில் ஒட்டினதைக்கூடப் பார்த்திருக்கார். உண்மையச் சொல்லுங்க. இதை அவரேதான் எழுதினாரா?”

“ஒவ்வொரு எழுத்தும் அவரோடதுதான் மேடம்.”

“அப்போ பெட்டியைப் பிரிச்சுடட்டுமா?”

நீங்கள் இதைத்தான் கேட்க விரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராம் போய் முடியும் வரைக்கும் யோசித்தேன்.

“பிரிச்சுடுங்க மேடம்” என்றேன்.

இப்போது டாக்டர் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியை எதிரே உட்கார வைத்து, தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை நிரூபிப்பதற்காக மூலப் பிரதியை உரக்கப் படித்துக் காட்டுகிறாராம். அதில் இன்னும் டாக்டர் பிறந்தபாடில்லை; தாத்தாவின் மேன்மைகளே முடியவில்லை. மெல்லிய புத்தகம்தான் அசல் என்றும், கூச்சத்தினால் அவர் பின்னால் இப்படி ஊதிப் பெருக்கியிருக்கிறார் என்றும் அந்த அம்மாள் நம்புகிறார். பாஷ்முஹந்திஸ் பொய் சொல்லமாட்டார் என்கிறாராம். கையைக் கட்டிக்கொண்டு, மீன் செதில் எப்போது வரும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வேகத்தில் போனால் செதில் வர வசந்தகாலம் ஆகிவிடும்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் நிம்மதியாக இருந்திருப்பாரே, அது ஏன் உனக்குத் தோன்றவில்லை என்கிறீர்கள். தோன்றியது. ஆனால் டாக்டர் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார், உஸ்தாஸ். இக்லால் மேடம் போர்ட் சையத்துக்குப் போயிருந்தால், டாக்டரை எடுத்த பிறகு அந்தப் புத்தகத்தில் யார் மிச்சம் இருப்பார்?