மூணு பெடல் வண்டி

தம்பி: ...டெஸ்ட் டிரைவ் போனப்ப மேட்டுல வண்டி பின்னாடி உருண்டுச்சே, அப்ப அந்த ஷோரூம் பொண்ணு கண்ண இறுக்கி மூடிக்கிச்சு. நீ பாக்கல. நான் பாத்தேன்.

அக்கா: உருளல. லேசா சரிஞ்சுச்சு.

தம்பி: லேசாவா? பின்னாடி இருந்த லாரிக்காரன் இறங்கியே வந்துட்டான்க்கா!

அக்கா: வந்து என்ன சொன்னான்? "பொறுமையா எடுங்க சிஸ்டர்"னான். யூனிஃபார்முக்கு ஒரு மரியாதை இருக்குல்ல.

தம்பி: நர்ஸ் யூனிஃபார்ம் போட்டா மேட்டுல வண்டி நிக்குமா?

அக்கா: பழகினா நிக்கும். உன் வண்டியிலதானே கத்துக்கிட்டேன்? தெருமுனை வரைக்கும் ஒழுங்காத்தானே போனேன்?

தம்பி: தெருமுனை வரைக்கும் தள்ளிவிட்டாலே போகும். உன்னால கிளட்ச் பிளேட்டையே மாத்தினவன் நானு.

அக்கா: சொல்லிக் காட்டு. நல்லா சொல்லிக் காட்டு.

தம்பி: அதுக்கில்லக்கா... பேசாம ஆட்டோமேட்டிக் எடுத்துரு. ரெண்டே பெடல். ஒண்ண மிதிச்சா போகும், இன்னொண்ண மிதிச்சா நிக்கும். இடது கால் சும்மா கிடக்கும்.

அக்கா: வேணாம்.

தம்பி: ஏன்?

அக்கா: மைலேஜ் குறையும்.

தம்பி: அதெல்லாம் பழைய கதை.

அக்கா: ரிப்பேர்னு வந்தா சொத்த எழுதி வைக்கணும்.

தம்பி: யார் சொன்னா?

அக்கா: வார்டுல ஒரு டாக்டர் சொன்னாரு.

தம்பி: என்ன டாக்டர்?

அக்கா: ...தோல் டாக்டர்.

தம்பி: தோல் டாக்டர் கியர்பாக்ஸுக்கு வைத்தியம் சொல்றாராக்கும்! அக்கா, நிஜமான காரணத்த சொல்லு.

அக்கா: வண்டி நம்ம கைக்குள்ள இருக்கணும்டா. நான் கியர் போட்டாத்தான் நகரணும். அவ்ளோதான் காரணம்.

தம்பி: நீ கியர் போட்டாலும்தான் நகர மாட்டேங்குதே.

அக்கா: அடி வாங்குவ. ...என்ன, சும்மா சும்மா வாசலையே எட்டிப் பாக்குற?

தம்பி: நானா? இல்லையே. மாமா வந்துட்டாரான்னு...

அக்கா: வருவாரு. கிளம்பிட்டேன்னு அப்பவே மெசேஜ் போட்டாரு. பஸ் கிடைச்சிருக்காது.

ஷோரூம் பெண்: மேடம், காபி. சார், உங்களுக்கு சர்க்கரை கம்மியா. சாரு இன்னும் வரலியா மேடம்?

அக்கா: வந்துக்கிட்டே இருக்காரும்மா.

ஷோரூம் பெண்: பரவால்ல, மெதுவா வரட்டும். கலர் முடிவாயிடுச்சா?

தம்பி: கலரெல்லாம் அப்புறம். கியரே இன்னும் முடிவாகல.

ஷோரூம் பெண்: தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? மேட்டுல உங்களுக்கு ரொம்ப சிரமமா இருந்துச்சு. இதே மாடல்ல ஆட்டோமேட்டிக் ஒண்ணு ரெடியா நிக்குது. முதல் வண்டிக்கு அதான் நல்லது. சாவிய குடுத்தா வீட்டுல யார் வேணாலும் எடுத்துட்டுப் போயிடலாம்.

அக்கா: அதுதான்மா வேணாம்.

ஷோரூம் பெண்: எது மேடம்?

அக்கா: ...ஒண்ணுமில்ல. மேனுவலே போடுங்க. வெள்ளையோ சாம்பலோ, எது சீக்கிரம் வருமோ அது.

ஷோரூம் பெண்: சரி மேடம். புக்கிங் பேப்பர் எடுத்துட்டு வந்துடறேன்.

தம்பி: அந்தப் பொண்ணு பாவம், நல்லதுக்குத்தான் சொல்லுது. மாமாவும் இதையேதான் சொன்னாரு.

அக்கா: எப்ப சொன்னாரு?

தம்பி: அது... பொதுவா.

அக்கா: பொதுவான்னா? ...ஓ. உன்னைத் தூது விட்டிருக்காரா? அதான் காலையிலேருந்து ரெண்டு பெடல், ரெண்டு பெடல்னு ஓதிக்கிட்டு இருக்கியா?

தம்பி: கோவப்படாதக்கா. அவரு ஆசைப்படுறாரு. மில்லுல அந்த பேட்டரி வண்டிய ஓட்டின ஆளு. கியர் இல்லாத வண்டின்னா மாமா சிங்கம். கியர்னாத்தான் கொஞ்சம்...

அக்கா: கொஞ்சம் என்ன? கியர் வண்டி அவருக்கு சுத்தமா வராது.

தம்பி: சுத்தமாவா?

அக்கா: என்னடா, வருமா?

தம்பி: எனக்கென்னக்கா தெரியும்.

அக்கா: வராது. எனக்குத் தெரியும். நிம்மதியா காபியக் குடி.

தம்பி: அவருக்கு வராதுங்கறதுல உனக்கு என்ன நிம்மதி?

அக்கா: காபி ஆறுது, குடி.

தம்பி: அக்கா. இப்ப என்ன சொன்ன நீ?

அக்கா: ஒண்ணும் சொல்லல.

தம்பி: யார் வேணா ஓட்டலாம்னு அந்தப் பொண்ணு சொன்னா வேணாங்குற. மாமாவுக்கு வராதுன்னா நிம்மதிங்குற. அவர் ஓட்டக் கூடாதுன்னேதான் மேனுவல் வாங்குறியா? என்னக்கா இது? சண்டையா ரெண்டு பேருக்கும்?

அக்கா: சண்டையா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

தம்பி: சொல்லுக்கா. பயமுறுத்தாத.

அக்கா: ஸ்கூட்டர ஏன் வித்தாருன்னு உன்கிட்ட சொன்னாரு?

தம்பி: முதுகு வலின்னாரு.

அக்கா: மில்லுல ஏணி ஏற மாட்டேன்னு கீழ் வேலை கேட்டு வாங்கினாரே, அது?

தம்பி: அதுவும் முதுகு வலின்னுதான்...

அக்கா: முதுகுக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கு. அவருக்கு ஃபிட்ஸ்டா.

தம்பி: என்னது?

அக்கா: வலிப்பு. மெதுவா பேசு.

தம்பி: எப்பலேருந்து?

அக்கா: மழைக்காலத்துல ஒரு நாள். சமையல்கட்டுல தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. குழாய் ஓடிக்கிட்டே இருக்கு, இவரு நிறுத்தல. என்னங்கன்னு கூப்பிட்டேன், திரும்பல. போய்ப் பாக்குறேன், அப்படியே மரம் மாதிரி சாயறாரு. வார்டுல எத்தனை பேர ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கேன்... அன்னிக்கு என் கையே எனக்கு உதவல.

தம்பி: எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?

அக்கா: சத்தியம் வாங்கிட்டாரு. மில்லுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவான். உனக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னாரு. "மச்சான் என்னைப் பாவமாப் பாப்பான், அது எனக்கு வேணாம்"னாரு.

தம்பி: முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கீங்க ரெண்டு பேரும்.

அக்கா: ஆமா. மறைச்சோம்.

தம்பி: அப்புறமும் வந்துச்சா?

அக்கா: வந்துச்சு. ஒரு தடவ ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. அதுக்குத்தான்டா கார். ஊர் சுத்துறதுக்குன்னு அவரு நினைச்சுக்கிட்டு இருக்காரு. விழுந்தாருன்னா பின் சீட்டுல போட்டுக்கிட்டு நானே ஓட்டணும்.

தம்பி: அப்ப ஆட்டோமேட்டிக்தானே உனக்கு சுலபம்?

அக்கா: எனக்கு சுலபமா இருந்தா அவருக்கும் சுலபம்டா.

தம்பி: அவர ஓட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலியா?

அக்கா: டாக்டர் சொன்னாரு, ஓட்டக் கூடாதுன்னு. நானும் சொன்னேன். நல்லா தலையாட்டினாரு. மறுநாளே பக்கத்து வீட்டு ஸ்கூட்டர வாங்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தாரு. கேட்டா, "அது சும்மா கிறுகிறுப்பு, நீ ஆஸ்பத்திரிய வீட்டுக்குக் கொண்டு வராத"ங்குறாரு.

தம்பி: சாவிய ஒளிச்சு வைக்கலாமே?

அக்கா: புருஷன்கிட்டேருந்து எத்தனை நாளைக்கு ஒளிக்கிறது? தினமும் நான் "கூடாது"ன்னு சொல்லி, தினமும் அவரு மூஞ்சி சுருங்கி... என்னால முடியலடா. வண்டியே அவர வேணாம்னு சொல்லட்டும். நான் சொல்ல வேணாம். கியரப் பாத்து, "எனக்கு இது வராதுப்பா"ன்னு அவரே சிரிச்சுக்கிட்டே முன் சீட்டுல என் பக்கத்துல வந்து உக்காரட்டும். அது போதும்.

தம்பி: அக்கா...

அக்கா: ஏன்டா, மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது? இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன். இப்ப நல்லாத்தான் இருக்காரு. ஞாயித்துக்கிழமையானா உன்கூட வாக்கிங் வர்றாருல்ல, அதுலயே பாதி தெளிஞ்சுட்டாரு. வந்து குளிச்சுட்டுப் பாட்டெல்லாம் பாடறாரு. தனியாப் போகல, கூட நீ இருக்கன்னு எனக்கும் தைரியம்.

தம்பி: மாத்திரை சாப்பிடுறாருல்ல?

அக்கா: சாப்பிடுறாரு. சில நாள் டிமிக்கி குடுப்பாரு. போட்டா தூக்கம் தூக்கமா வருதாம்.

தம்பி: இன்னிக்கு?

அக்கா: இன்னிக்கு என்ன?

தம்பி: இன்னிக்கு போட்டாராக்கா?

அக்கா: எனக்கு நைட் டியூட்டி, நேரா இங்க வந்துட்டேன். டப்பாவப் பாக்கல. ஏன்?

தம்பி: தூக்கம் வரக் கூடாதுன்னு இன்னிக்குப் போடாம இருந்திருப்பாரோ?

அக்கா: பஸ்ஸுல தூங்கினா என்ன? கண்டக்டர் எழுப்பப் போறாரு. உனக்கு என்னடா ஆச்சு?

தம்பி: வர்றதுக்கு முன்னாடி எதாவது தெரியுமா? அவருக்கே தெரியுமா, நிறுத்திக்கணும்னு?

அக்கா: எத நிறுத்திக்கணும்?

தம்பி: ...அதாவது, உக்காந்துக்கணும்னு.

அக்கா: தெரியாது. இடது கை விரலு தானா சுண்டும். கண்ணு ஒரே இடத்துல நிக்கும். கூப்பிட்டா கேக்காது. சில நேரம் அதோடயே சரியாப் போயிடும், விழ மாட்டாரு. அவருக்கு ஞாபகமே இருக்காது.

தம்பி: கூப்பிட்டா கேக்காதா?

அக்கா: ம்.

தம்பி: போன ஞாயித்துக்கிழம நான் கூப்பிட்டேன்க்கா. மூணு தடவ கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. நேரா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அடேங்கப்பா, மனுஷன் என்ன கவனமா இருக்காருன்னு நினைச்சேன்...

அக்கா: நடக்கும்போதா?

தம்பி: காலையில, வெயிலுக்கு முன்னாடி.

அக்கா: டேய், நடக்கும்போதா? விழுந்தாரா? எங்கிட்ட ஏன் சொல்லல?

தம்பி: விழல. நான்... நான் பக்கத்துல இருந்தேன்.

அக்கா: நல்ல வேளை. இனிமே உடனே சொல்லணும், என்ன? இப்ப உனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே. ஆனா அவருகிட்ட காட்டிக்காத. ஒண்ணுமே தெரியாத மாதிரி இரு. ...எங்க எந்திரிச்ச?

தம்பி: வெளியில போய்ப் பாத்துட்டு வர்றேன்.

அக்கா: இப்பதானே எட்டிப் பாத்த? உக்காரு. கால்ல வெந்நி ஊத்தினவன் மாதிரி பறக்காத.

ஷோரூம் பெண்: மேடம், பேப்பர் ரெடி. இங்க ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்துல ஒண்ணு. சாம்பல் கலர் சீக்கிரம் வந்துடும்னு சொல்லிட்டாங்க.

அக்கா: மேனுவல்தானே போட்டிருக்கு?

ஷோரூம் பெண்: மேனுவல்தான் மேடம். ஃபுட்மேட்டும் போட்டுத் தர்றோம். சாரு வந்ததும் மூணு பேரையும் நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.

தம்பி: அக்கா, கையெழுத்துப் போடாத. கொஞ்சம் இரு.

அக்கா: மறுபடியும் ஆரம்பிக்காத. இவ்ளோ சொன்னப்புறமுமா? ...எங்கம்மா, இங்கயா?

ஷோரூம் பெண்: அங்கதான் மேடம். முழுப் பேரும் போட்டுருங்க.

தம்பி: அக்கா, இனிமே மேனுவலா இருந்தாலும் ஒண்ணுதான், ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும் ஒண்ணுதான்...

அக்கா: என்ன உளர்ற? ...இந்தாம்மா, போட்டாச்சு. இவன் கிடக்கான். முதல் வண்டி, என் பேர்ல!

ஷோரூம் பெண்: வாழ்த்துக்கள் மேடம்! அப்புறம், சார் லேட்டாகுதேன்னு கவலைப்படாதீங்க. மேம்பாலத்துல டிராஃபிக் அப்படியே நிக்குதாம். எங்க டிரைவர் இப்பதான் ஃபோன் பண்ணினாரு.

தம்பி: எதனால நிக்குதாம்?

ஷோரூம் பெண்: தெரியல சார். ஏதோ வண்டி நடுவுல நின்னு போச்சுன்னாரு.

தம்பி: என்ன வண்டி? காரா?

ஷோரூம் பெண்: அத கேக்கலியே சார்... கேட்டுச் சொல்லட்டுமா?

தம்பி: கேளுங்க. இப்பவே கேளுங்க. என்ன கலருன்னும் கேளுங்க.

ஷோரூம் பெண்: சரி சார், இதோ.

அக்கா: எவன் வண்டி நின்னா உனக்கென்னடா? எனக்கு இப்பதான் மூச்சே வருது. அதான் பஸ் லேட்டு. இரு, ஒரு ஃபோன் போட்டு, கையெழுத்துப் போட்டாச்சுன்னு சொல்லிடறேன்.

தம்பி: வேணாம்க்கா.

அக்கா: என்ன வேணாம்? ...ரிங் போகுது.

தம்பி: கட் பண்ணு.

அக்கா: போகுது, போகுது... எடுக்க மாட்டேங்குறாரு.

தம்பி: கட் பண்ணுக்கா, அடிக்காத! அவரு எடுக்கக் கூடாது!

அக்கா: பஸ்ஸுல சும்மா உக்காந்திருக்குற மனுஷனுக்கு ஒரு ஃபோன எடுக்குறதுல என்னடா வந்துச்சு?

தம்பி: பஸ்ஸுல இல்லக்கா. என் வண்டியில வர்றாரு... தனியா. வாக்கிங்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமையெல்லாம் நான்தான் அவருக்குக் கிளட்ச் கத்துக் குடுத்தேன்.