ஏழு நாள் பெட்டி

பசை காய்வதற்குள் அவசரப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு ரேகை விழுந்துவிட்டது என்று மூக்கால் அழுவார்கள். எதற்கும் ஒரு பொறுமை வேண்டும் என்பது என் கட்சி. நீங்களும் பொறுமையாகக் கேட்பவராகத் தெரிகிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அந்த மார்புக் கவசம் என்னுடையதுதான். அதன் நடுவில் பதித்திருக்கும் சிவப்பு விளக்குப் பெட்டி என் மாமனாரின் ஆக்சிஜன் மெஷினில் இருந்தது. அதைக் கழற்றியதும் நான்தான். அவர் இறந்தது அதனால்தானா என்று கேட்கத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். சொல்கிறேன். உறையை மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஓரத்து வெள்ளிப் பூச்சு மூன்று தடவை அடித்தது. உரிந்தால் திரும்ப அதே நிறம் வராது.

பகலில் எனக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. அலமாரி அலமாரியாக நடந்து, எந்தப் பெட்டி எத்தனை நாளாக நகரவில்லை என்று குறிப்பதுதான் பிழைப்பு. தொண்ணூறு நாள் யாரும் கேட்காத பெட்டிமேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவேன். மறுநாள் அது வெளியே போய்விடும். பதினாறு வருடத்தில் நான் ஒட்டிய ஒரு சீட்டைக்கூட யாரும் தவறு என்று சொன்னதில்லை. யாரும் கேட்காத பொருள் யாருக்கும் வேண்டாத பொருள். இதைவிட நியாயமான விதியை நான் பார்த்ததில்லை.

வீட்டில் நான் வேடங்கள் செய்வேன். கணினி விளையாட்டுகளில் வரும் வீரர்கள், இயந்திரங்கள், வேற்றுக் கிரகத்து ஆசாமிகள். அவர்களுடைய கவசம், தொப்பி, ஆயுதம் எல்லாவற்றையும் கையாலேயே செய்து, மாட்டிக்கொண்டு, வருடம் ஒருமுறை நடக்கும் போட்டிக்குப் போவேன். நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவருக்காவது பிளாஸ்டிக் பக்கெட்டை வெட்டித் தலைக்கவசம் ஆக்கத் தெரியுமா என்றால் தெரியாது.

இந்த வருடப் போட்டியில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். பெயர் ‘வீட்டிலிருந்தே’. பசையும் பெயின்டும் தவிர எதையும் கடையில் வாங்கக் கூடாது. மற்றதெல்லாம் வீட்டில் உபயோகமில்லாமல் கிடந்ததாக இருக்க வேண்டும். விதித்தாளைப் படித்தபோது என்னை மனதில் வைத்தே எழுதியதுபோல் இருந்தது.

உபயோகமில்லாமல் என்ற சொல்லில் நான் கண்டிப்பானவன். கண்ணில் பட்டதை எல்லாம் வாரிச் சுருட்டும் ஆள் இல்லை. கிடங்கு விதியை வீட்டுக்குத் தகுந்தபடி சுருக்கிக்கொண்டேன். ஒரு பொருளை எடுத்து, பீரோ மேல் வைத்த அட்டைப்பெட்டிக்குள் போட்டு, தேதி எழுதிவிடுவேன். ஏழு நாள் கெடு. அதற்குள் யாராவது கேட்டால் சத்தமில்லாமல் பழைய இடத்தில் கொண்டுபோய் வைப்பேன். கேட்காவிட்டால் அது என்னுடையது. வீட்டில் இருப்பது மூன்று பேர்: நான், என் மனைவி, அவளுடைய அப்பா. மூன்று பேருக்கும் வாய் இருக்கிறது. கேட்பதில் என்ன கஷ்டம்?

என் மனைவி கேட்பதில் கெட்டிக்காரி. காய் கழுவும் வடிதட்டு ஒரு மணி நேரம்கூட என் பெட்டியில் தங்கவில்லை.

“என்னங்க, வடிதட்டு எங்க? இப்பதானே இங்க வச்சேன்?”

“பார்க்கிறேன்.”

“என்னத்தப் பார்க்கிறேன்? உங்க தோள்பட்டைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. மரியாதையா கொண்டு வந்து வைங்க. இந்த வீட்ல வச்ச சாமான் வச்ச எடத்துல இருந்தா அதுவே அதிசயம்.”

கொண்டுபோய் வைத்தேன். விதி என்றால் விதி.

மாமா அப்படியில்லை. முப்பது வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். இரண்டு வருடமாக நுரையீரல் சொன்னபடி கேட்கவில்லை. முன்னறையில் ஜன்னலோரக் கட்டில், பக்கத்தில் நாள் முழுக்க உறுமும் மெஷின், மூக்கில் குழாய். மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு நிறைய. தாகமெடுத்தால்கூட யாராவது அந்தப் பக்கம் வரட்டும் என்று காத்திருப்பார். இந்தக் குணம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

குளியலறைச் சுவரில் அவர் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் எஃகுக் கைப்பிடி என் ஆயுதத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அதைக் கழற்றி வைத்திருந்த ஏழு நாளில் ஒரே ஒரு தடவைதான் வழுக்கி விழுந்தார். அப்போதும் அவர் கேட்டது தைலத்தை. அவருடைய வாக்கருக்கு அடியில் நாலு ரப்பர் குமிழ் இருந்தது. முழங்கால் மூட்டுக்கு இரண்டு போதும் என்பதால் இரண்டை மட்டும் எடுத்தேன். நாலையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. பிறகு காது கேட்கும் மெஷின். அது போன ஐந்தாம் நாள், “அப்பா, காது மெஷின் எங்கப்பா?” என்று என் மனைவி அவரை நாலு தடவை கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் கையைக் காட்டிக் கேட்டதும், “எங்கயோ வச்சுட்டேன்மா, திட்டாதே” என்றார். அவள் என்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கேட்டது அவரை.

நான் செய்துகொண்டிருந்தது காவல் இயந்திரம். விளையாட்டில் அது நகரத்து வாசலில் நிற்கும். யாருக்காவது ஆபத்து என்றால் நெஞ்சில் சிவப்பு விளக்கு துடிக்கும், காதைக் கிழிக்கும்படி அலறும். மற்ற எல்லாம் முடிந்துவிட்டது, நெஞ்சுதான் பாக்கி. டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன். பொம்மைக் கடைச் சரக்கு மாதிரி இருந்தது. நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒருநாள் மதியம் கரண்ட் போயிற்று. மாமாவின் மெஷின் நின்றது. அதன் பக்கவாட்டில் திருகியிருந்த, தனி பேட்டரி வைத்த சோப்பு டப்பா அளவுப் பெட்டி அலறத் தொடங்கியது, சிவப்பு விளக்கு துடித்தது. என் மனைவி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்து, மூலையில் நின்ற சிலிண்டரில் குழாயை மாற்றிச் சொருகினாள். மாமா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லவேளை, இது மொட்டைமாடி வரைக்கும் கேக்கும்” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள் அவள். “இது இருக்கற தைரியத்துலதான் நான் துணி காயப்போடவே போறேன்.”

அந்தப் பெட்டி வருடத்தில் மூன்று நாலு தடவைதான் கத்தும். மற்ற நாளெல்லாம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைவிட அதிகமாக நகர்ந்த சரக்குக்கே நான் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஆகவே இரண்டு திருகையும் கழற்றி எடுத்து, தேதி எழுதிப் பெட்டியில் போட்டேன்.

கழற்றிய இடம் மூளியாகத் தெரிந்தது. நோயாளி இருக்கிற அறை அப்படி இருக்கக் கூடாது என்று, அச்சு அசலாக இன்னொன்று செய்து அங்கே ஒட்டினேன். தெர்மகோல், அட்டை, இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி. அசல் பெட்டியின் மூலையில் ஒரு கீறல் இருந்தது. அதைக்கூட ஊசியால் கீறி வைத்தேன். என் கைவேலையில் ஆகச் சிறந்தது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். போட்டிக்கு அனுப்ப முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏழு நாள் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியபோது முதுகுப் பட்டைகளை மாட்டிவிட்டதே என் மனைவிதான். நெஞ்சுப் பகுதியில் பெயின்ட் ஈரம் என்று சொல்லித் துணி போட்டு மூடியிருந்தேன். மாமா கட்டிலில் இருந்தபடியே கையைத் தூக்கினார்.

“மாப்ள, ஜெயிச்சுட்டு வாங்க.”

ஜெயித்தேன். அரங்கத்தில் மூன்று நடுவர்கள். தலைமை நடுவர் நாடகக் குழுக்களுக்கு முகமூடி செய்யும் ஒரு அம்மாள். கையெட்டும் தூரத்தில் நின்று, ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் தடவிப் பார்க்கிறவர்.

“இதெல்லாம் வீட்ல சும்மா கெடந்ததா?”

“ஆமாம்மா. ஏழு நாள் வச்சிருந்து பார்த்தேன். யாரும் கேக்கல.”

கூட்டம் சிரித்தது. நான் இடுப்பில் மறைத்திருந்த சுவிட்சைத் தட்டினேன். விளக்கு துடித்தது, பெட்டி அலறியது, முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. பிறகு எழுந்த கைதட்டலை என்னால் விவரிக்க முடியாது. “நிஜமாவே யாருக்கோ உயிர் போகுதுன்னு எனக்குப் பதறிடுச்சு” என்று அந்த அம்மாள் மைக்கில் சொன்னார். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி மூன்று நாற்பது.

மூன்று முப்பத்தைந்துக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனதாக நீங்கள் விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு, மேல்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பேச்சு சுவாரசியத்தில் நேரம் போவது சகஜம். பெட்டியும் தன் கடமையில் தவறவில்லை. கத்த வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னே பின்னே கத்தத்தான் செய்தது. இடம்தான் மாறியிருந்தது.

நான் பரிசுக் கேடயத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

“என்னங்க, அப்பா... அது ஏங்க கத்தல? கரண்ட் இல்ல, மெஷின் நின்னுபோச்சு, அது கத்தவே இல்லைங்க.”

“வர்றேன்” என்றேன். இன்னும் இரண்டு படம்தான் பாக்கி இருந்தது. எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன்.

அந்தப் படங்களைப் போட்டிக்காரர்கள் அன்று சாயங்காலமே வெளியிட்டார்கள். யாரோ அவளிடம் காட்டியிருக்கிறார்கள். அவள் மெஷின் பக்கத்தில் போய், அந்தப் பெட்டியைத் தொட்டாள். பஞ்சு மாதிரி கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் உங்களிடம் வந்தாள்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். “இவ்வளவு அச்சு அசலா போலி செய்யத் தெரிஞ்ச ஆளு, அந்தப் போலிய உங்க நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, நிஜத்த அங்கயே விட்டிருக்கலாமே?” நல்ல கேள்வி. போலி எரியாது, கத்தாது. நடுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். “அப்போ உங்க மாமனார் கண்டுபிடிக்க மாட்டாரா?” என்றீர்கள். அதற்கான பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன்.

யாரும் கேட்கவில்லை என்று இதுவரை சொல்லிவந்தேன். துல்லியமாகச் சொல்வதென்றால், ஒருவர் கேட்டார். ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை. மாமா சைகை காட்டி என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பெட்டியில எப்பவும் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எரியும். நாலஞ்சு நாளா எரியல. ஒண்ணு பாருங்களேன். பயமா இருக்கு.”

முப்பது வருடம் பிழை திருத்திய கண். பச்சைப் புள்ளியை நான் எப்படி மறந்தேன் என்று எனக்கே அவமானமாக இருந்தது. கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது, அசல் பெட்டி பீரோ மேல்தான் இருந்தது. இரண்டே திருகு. விதிப்படி திரும்ப மாட்டியிருக்க வேண்டும். யோசித்தேன். பெட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை, புள்ளி ஏன் எரியவில்லை என்றுதான் கேட்டார். இரண்டும் வேறு வேறு கேள்வி. உள்ளே போய் மெல்லிய பிரஷ்ஷும் ஒளிரும் பச்சைப் பெயின்டும் எடுத்துவந்து, அவர் கண்ணெதிரே, சரிபார்க்கிறாற்போல் குனிந்து ஒரு புள்ளி வைத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஆங், இப்ப எரியுது. உங்களுக்குத்தான் சிரமம்” என்றார். அன்று மத்தியானம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்தப் பெருமை எனக்குத்தான் சேர வேண்டும். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. என்னை இங்கே கொண்டுவந்து இன்றோடு ஆறு நாள். என்னைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று உங்கள் கான்ஸ்டபிளைத் தினமும் கேட்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். மனைவி வரவில்லை, கிடங்கிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. நாளைக்கு ஏழு. ஆனால் இன்று காலை டீ கொண்டுவந்தவர் காலி டம்ளரை வாங்கும்போது, “நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?” என்றார். அதையும் கேட்டதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன்.