எண்பத்து நாலாவது வீடு

— கைய எடு மச்சான்! அனுப்பாத! எண்பத்து மூணு வீடுதான் காட்டுது.

— விண்ணப்பப் பாரம் எத்தனை வந்தது, கோகிலன்?

— எண்பத்து நாலு. நான்தானே ஒண்ணொண்ணா தட்டுனேன். ஒரு வீட்ட உன் சிஸ்டம் முழுங்கிருச்சு, ரஜீவ்.

— பொறு, பார்க்கிறன். ஓம், இங்க கிடக்கு. காளியம்மா, தகப்பன் பிச்சைமுத்து. நாலாம் நம்பர் வீட்டில ஒருக்கா, ஒன்பதில ஒருக்கா. ஒரே ஆள் என்று ஒன்றைத் தூக்கிட்டுது.

— பேர வெச்சா தேடுன? அடையாள கார்டுல ஐசி நம்பர் எதுக்கு இருக்கு?

— பாதிப் பாரத்தில ஐசி நம்பரே இல்லையே. ஆளின்ட பேரும் தகப்பன் பேரும் ஒன்றென்றால் ஒரே ஆள். அப்பிடித்தான் எழுதினன்.

— ஈப்போ டவுன்ல உக்காந்து எழுதுனா இப்படித்தான் லா! எஸ்டேட்டுல தடுக்கி விழுந்தா காளியம்மா மேலதான் விழணும்.

— தகப்பனுமா ஒரே பேர்? இப்ப பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு போர்ட்டல் மூடிடும். ஒரு ஆள் ரெண்டு தரம் இருந்தால் லிஸ்டே செல்லாது என்று ஆபீஸில சொன்னவை. எல்லாருக்கும் புது வீடு இல்லாமப் போயிடும்.

— ரெண்டு பேரா இருந்து ஒருத்தர வெட்டிட்டா? டெவலப்பர் லயத்து வீடுங்கள இடிக்கறப்ப அந்தக் குடும்பம் எங்க போகும்?

— தெரியும்! ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மார்க் போனால் போகட்டும், இது போகக் கூடாது. நீ அந்தக் கட்டில ஒன்பதாம் நம்பர் பாரத்தைத் தேடு. அங்க யார் இருக்கிறது?

— வீரம்மா அக்கா. இந்தா, தே ஓ கொண்டாந்துட்டாங்களே. அக்கா, உங்க வீட்டுக்கு காளியம்மான்னு யாரு பாரம் போட்டது?

— எனக்கெப்படிப்பா தெரியும்? நான் பாரமே குடுக்கல. டீயக் குடிங்க, ஆறிடும்.

— குடுக்கலையா? உங்களுக்கு வீடு வேணாமா?

— நான் ஒண்டிக்கட்டை. தெலுக் இந்தான்ல மக வீடு இருக்கு. ஒன்பத அழிச்சிடுங்க தம்பி. நாலாம் நம்பர் காளியம்மா அக்காவுக்குக் கெடைச்சா போதும்.

— சும்மா அழிக்க ஏலாது, அக்கா. உங்கட ஐசியைக் காட்டுங்கோ. வீரம்மா என்று இருந்தால் இப்பவே அழிக்கிறன்.

— ஐசி வீட்டுல இருக்கு.

— சாவியக் குடுங்க அக்கா, ஓடிப் போயி எடுத்தாந்துடறேன்.

— வேணாம் கோகிலா! மடியிலதான் இருக்கு. இந்தாங்க தம்பி. சத்தமாப் படிக்காதீங்க.

— அக்கா... இதில காளியம்மா என்றல்லோ இருக்கு. தகப்பன் பிச்சைமுத்து.

— அவரோட ஆத்தா பேரு. நாலாம் நம்பர்ல பொறந்த மூத்தவளுக்கும் அதையே வெச்சாரு, ஊருக்குத் தெரியாம பொறந்த எனக்கும் அதையே வெச்சாரு. எங்கம்மாதான் வீரம்மான்னு மாத்திக் கூப்பிட்டுச்சு.

— அப்ப நீங்க ரெண்டு பேர்! ஐசி நம்பரைப் போட்டால் எண்பத்து நாலு வீட்டையும் அனுப்பிடலாம். பத்து நிமிசம் இருக்கு, ஓம் என்று சொல்லுங்கோ.

— சொல்ல மாட்டேன். லிஸ்ட்ட அப்பா பேரோட ஹால்ல ஒட்டுவாங்கல்ல? அதுக்குத்தான் நான் பாரமே வாங்கல. அந்த அக்காவும் நானும் முப்பது வருசம் அடுத்தடுத்த நெரையில பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தோம். ஒரு நாளும் வாயத் தொறக்கல. இப்பப் போயி அது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அழிங்க தம்பி!

— மச்சான், அழிக்காத! பாரம் கெடைச்சிருச்சு.

— நேரமில்லை கோகிலன். யார் எழுதினது என்று மட்டும் சொல்லு.

— நாலாம் நம்பர் காளியம்மா அக்கா கையெழுத்துப் போட்டிருக்காங்க. 'எழுதிக் கொடுப்பவருக்கு என்ன உறவு'ன்னு கேட்ட எடத்துல, 'கூடப் பொறந்த தங்கச்சி'ன்னு எழுதியிருக்காங்க, அக்கா.