கதவு திறக்காத ஊர்

சாயங்கால ரயிலில் ஆவடியில் ஏறிய இருவரும் ஒரே தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பழைய ஸ்பானியக் காவியம் ஒன்றின் தமிழாக்கத்தை விரித்தார்.

"மாமே, ராஜா இந்த வீரன காலி பண்ணச் சொல்ட்டான்."

"குவார்ட்டர்ஸையா? ரிட்டயர் ஆய்ட்டானா?"

"இல்லப்பா, கோவம். நாட்ட உட்டே போவணுமாம். குதிரையில வீதி வீதியா சுத்துறான். ராஜாவுக்குப் பயந்துகினு ஒருத்தனும் கதவு தெறக்கல."

"பொண்டாட்டி, புள்ளைங்க?"

"மடத்துல உட்டுட்டுப் போறான்."

கேட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். ரயிலின் தடதடப்பு எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே குளம்பொலியாகக் கேட்டது. திருமுல்லைவாயில் வந்தது.

"எறங்கு மாமே, வாடகைக்கு ஊடு பாக்கணும்னியே. அடுத்த மாசம் ரிட்டயர் ஆனா நீயும் குவார்ட்டர்ஸ காலி பண்ணணும்ல?"

அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ படி. எவனாச்சும் அவனுக்குக் கதவு தெறக்கட்டும். அப்பால எறங்கிக்கறேன்."