தலையில் மட்டும் இறகு

– தலையில ஒரு இறகுகூடக் குறையல, கவனிச்சீங்களா? நெஞ்சு, தொடை, இறக்கைக்கு அடியிலதான் வழிச்செடுத்த மாதிரி இருக்கு.

– ஆமா டாக்டரம்மா. அதாவது, அது நல்லதா, கெட்டதா?

– வியாதியால கொட்டுதுன்னா தலையிலயும் கொட்டியிருக்கும். தன் அலகு தன் தலைக்கு எட்டாது இல்லையா? அதான் அங்க தப்பிச்சிருக்கு. இவரே பிடுங்கிப் போடறார். இவர் பேரு என்ன சொன்னீங்க?

– துரை. ஏதாவது பூச்சி, பேன்...?

– ஒண்ணும் இல்ல. ரத்தப் பரிசோதனையும் நல்லா வந்திருக்கு. சாப்பாடு?

– சூரியகாந்தி விதை. வேற எது வச்சாலும் பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி தட்டைக் கவுத்துடுவான்.

– அதைக் குறைச்சு கேரட், கீரைன்னு மெல்லப் பழக்குங்க. வீட்டுல கூண்டை எங்க வச்சிருப்பீங்க?

– மக ரூம்ல. அவ வளர்த்த சாம்பல் கிளிதான். கூண்டுக்குத் தாழ்ப்பாள் நானே செஞ்சு போட்டேன். பூட்டு ரிப்பேர்தான் என் தொழில். எந்தப் பூட்டும் என்கிட்ட வாயைத் திறந்துடும். இவன் என்னடான்னா என் தாழ்ப்பாளை ரெண்டே நாள்ல திறந்துட்டான்.

– அவ்வளவு மூளை இருக்கறதுதான் கஷ்டம். சும்மா உக்கார முடியாது. மக இப்ப எங்க?

– வெளிநாட்டுல. போயி பதினோரு மாசம்.

– இவர் எப்ப ஆரம்பிச்சார்?

– அவ போன மூணாவது வாரம்.

– வீட்டுல இப்ப யார் யாரு?

– நானும் சம்சாரமும். ரெண்டே பேர்.

– வீட்டுல பேச்சு சத்தம் இருக்குமா? இவங்களுக்கு அது வேணும்.

– அதாவது... மக கிளம்பின அன்னிக்கு வாசல்ல வச்சு ஒரு வார்த்தை விட்டுட்டேன். "போனா திரும்பி வராத"ன்னு. கோவத்துல வந்துடுச்சு. அவ பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிட்டா. அன்னியோட எனக்கும் சம்சாரத்துக்கும் பேச்சு நின்னுபோச்சு. சாப்பாட்டை மேசையில வச்சுட்டுக் கரண்டியால தட்டுவா. நான் போயி உக்காருவேன்.

– மக போன்ல பேசுறதில்லையா?

– அவ அம்மாகிட்டப் பேசுவா. நான் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுக் காதைத் தீட்டிட்டு உக்காந்திருப்பேன்.

– சரிங்க ஐயா. துரை பிடுங்கறப்போ என்ன பண்ணுவீங்க?

– ஓடிப்போயி "டேய், வேணாம்டா"ன்னு அதட்டுவேன். அவளும் அடுப்படியிலேர்ந்து ஓடி வருவா.

– அங்கதான் தப்பு நடக்குது. பிடுங்கினா ஆள் வரும்னு இவர் கண்டுபிடிச்சுட்டார். இனிமே அந்த நேரத்துல யாரும் போகக் கூடாது, அதட்டக் கூடாது. ஒழுங்கா இருக்கறப்போ போயி கொஞ்சுங்க. பழைய அட்டைப்பெட்டி, பேப்பர் குடுங்க, கிழிச்சுத் தள்ளட்டும். தண்ணி தெளிச்சுக் குளிப்பாட்டுங்க. கூண்டை நீங்க புழங்குற கூடத்துக்கு மாத்துங்க.

– செஞ்சா நின்னுடுமா?

– நல்லாவே குறையும். நின்னாலும் நிக்கும்.

– டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் மெதுவா சரியானாக்கூடப் போதும்.

– என்ன சொல்றீங்க?

– இவன் பிடுங்கறப்போதான் அவ என்கிட்டப் பேசுறா. "பாருங்க, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்"ம்பா. நான் "மருந்து எங்க"ம்பேன். "ரத்தம் கசியுது, இறுக்காமப் பிடிங்க"ம்பா. நான் பிடிச்சுப்பேன், அவ தடவிவிடுவா. ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் அவ அடுப்படிக்கு, நான் கடைக்கு. இவன் தேறிட்டா அந்த அஞ்சு நிமிஷமும் போச்சு.

– இப்படியே விட்டா அந்த இடத்துல இறகு முளைக்காமலே போயிடலாம் ஐயா. அதுக்கும் வலிக்கும்ல?

– தெரியுதும்மா. வாயில்லா ஜீவன். நான் கேட்டிருக்கவே கூடாது. கூண்டை இப்படிக் குடுங்க, கிளம்பறேன்.

– உக்காருங்க. சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, இருந்தாலும் சொல்லிடறேன். போன செவ்வாக்கிழமை ஒரு அம்மா, கிளி இல்லாம, நாலு சாம்பல் இறகைக் கர்ச்சீஃப்ல முடிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. அவங்களும் மெதுவா சரியானாப் போதும்னுதான் கேட்டாங்க.