வெளியே பூட்டிய வீடு

கொஞ்சம் அமைதியா இருங்க, ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன்... கதைன்னு என்ன, என் வீட்டுல நடந்ததுதான்.

மூணு வருஷம் முந்தி நம்ம ஊர்ல இதே மேடையில நின்னு, ஆஸ்பத்திரியே வேண்டாம், என் பிள்ளை வீட்டுலதான் பொறக்கும்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?

என் சம்சாரம் இளவரசிக்கு அப்ப எட்டாம் மாசம். கால் வீங்கி, கொலுசு ஏறலை. ஊர் நர்ஸம்மா ஜெயராணி வந்து பிரஷர் பாத்தாங்க. ரொம்ப ஏறியிருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, வீட்டுல வச்சுக்கிட்டிருந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்துன்னாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பயமுறுத்தறாங்கன்னு சொல்லி வாழைத்தண்டுச் சாறு குடுத்தேன். அந்தம்மா மறுபடி வந்தா? அதுக்கும் வழி வச்சிருந்தேன். அவங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வெளிய பூட்டைப் போட்டுட்டு, பின்பக்கம் போய் நின்னுக்குவேன். உள்ள இவ சத்தம் காட்டக் கூடாது. ஆள் இல்லைன்னு நெனச்சுப் போயிடுவாங்கல்ல... எவ்வளவு பெரிய மூளை பாருங்க எனக்கு.

ஒரு நாள் பகல் பதினோரு மணி. அந்தம்மா பூட்டைப் பாத்தாங்க, ஆனா போகலை. ஜன்னல்கிட்ட நின்னு பேசறாங்க... "இளவரசி, உள்ள இருக்கியாம்மா? தலை வலிக்குதா? கண்ணு மங்குதா? ஒரு குரல் குடு கண்ணு, போதும்."

குரல் வரலை. சுவரோரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்த நான்... ஜெயிச்சுட்டோம்னு சிரிச்சேங்க. சிரிச்சேன்.

அவங்க கிளம்பினதும் கதவைத் திறந்தா, இவ தரையில வலிப்பு வந்து கிடக்கா. தெருவுல ஓடி அந்தம்மா வண்டியை மறிச்சேன். ஒரு வார்த்தை திட்டலைங்க. வந்து இவளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, நூத்தியெட்டுக்குப் போன் போட்டாங்க. ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தாங்க. ரெண்டு பேரும் பொழச்சாங்க.

ரெண்டு நாள் கழிச்சு இவளுக்கு நினைவு வந்துச்சு. என்னைப் பாத்து முதல்ல என்ன சொன்னா? பிள்ளையைக் கூடக் கேக்கலை. "தலை வெடிக்கற மாதிரி இருந்துச்சுங்க... ஆனா நான் சத்தமே போடலை."

நான் சொன்னதைச் செஞ்சு முடிச்சுட்டாளாம். அதை எங்கிட்டயே சொல்றா. கூசிப் போச்சுங்க எனக்கு. இன்னிக்கும் கூசுது.

நான் சொல்ல வந்தது இதுதான்... பிரஷர் ஏறறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை குறுக்க கிடந்தாலும் தெரியாது, ரத்தம் குறைஞ்சாலும் தெரியாது. பாக்கத் தெரிஞ்சவங்க வாசலுக்கு வர்றப்ப, அன்னிக்கு நான் பேசின பேச்சைக் கேட்டு யாரும் வீம்பு பண்ணாதீங்க. வலிக்குதுன்னு உங்க வீட்டுப் பொம்பளை வாய்விட்டுச் சொல்லணும். என் பொண்டாட்டி சாகற வலியிலயும் எனக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டிருந்தா... இதுல நான் உங்களுக்கு என்னங்க புத்தி சொல்றது?