முழுமனதுடன்

— எழுதினவரைக்கும் வாசி.

— “மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற நான், பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டாமென என் சுய விருப்பத்தின் பேரில்…” ஒரே ஒரு சந்தேகம் மேடம்.

— லெட்டர் எழுதறதுல என்னடி சந்தேகம்?

— சயின்ஸ் வேண்டாம்னு நான் எப்ப மேடம் விருப்பப்பட்டேன்?

— இப்பப் படற. மேல எழுது.

— சயின்ஸ்ல தொண்ணூத்தெட்டு மார்க்கு மேடம். ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு. நோட்டீஸ் போர்டுல நீங்கதான் என் பேரை ஒட்டினீங்க. பசைகூட இன்னும் காயல.

— உனக்கு வாய்தான் காயல. முளைச்சு மூணு இலை விடல, ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பசைக் கணக்குப் பேசறா. ஏன்பா அட்டெண்டர், பெத்த அப்பன்தானே நீ? கதவோரம் கல்லு மாதிரி நின்னா எப்படி?

— நான் என்னத்தைங்க மேடம் சொல்ல… பாப்பா, மேடம் சொல்றதைக் கேளும்மா. பெரியவங்க சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்.

— அந்தக் காரணத்தைத்தான்பா கேக்கறேன். காலையிலேருந்து யாருமே சொல்ல மாட்டேங்கறீங்களே!

— காரணமா? காரணத்தைப் பத்தி நீ பேசற. உன் ஃபாரம் இதோ இருக்கு பாரு. ‘இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் காரணம்’னு அஞ்சு வரி இடம் விட்டிருக்கோம். அஞ்சு வரி! நீ என்ன எழுதியிருக்க?

— ‘எனக்குப் பிடிக்கும்.’

— ரெண்டே வார்த்தை. மிட்டாய் வாங்கறதுக்கு எழுதற மாதிரி. இதெல்லாம் ஒரு காரணமா?

— நல்லதா ஒண்ணு வச்சிருந்தேன் மேடம். அது வேற இடத்துல செலவாயிடுச்சு.

— பேச்சைப் பாரு, பேச்சை. சரி, நேராவே சொல்றேன், கேட்டுக்கோ. பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் பரீட்சை எப்படி நடக்கும்னு தெரியுமா?

— தெரியும் மேடம். ஆளுக்கு ஒரு உப்புப் பொட்டலம் குடுப்பாங்க. அது என்ன உப்புன்னு சோதனை பண்ணிக் கண்டுபிடிக்கணும்.

— அந்தப் பொட்டலத்தை மடிக்கறது யாரு?

— அப்பா.

— எந்த நம்பர் பொட்டலத்துல எந்த உப்புன்னு தெரிஞ்ச ஆளு?

— அப்பாதான். ஆனா மேடம்…

— லேப் சாவி யார் இடுப்புல தொங்குது? பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதையா, அப்பன் பொட்டலம் மடிப்பான், மக பரீட்சை எழுதுவா. ஊர் வாயை நான் எதை வச்சு அடைக்கறது?

— எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல மேடம்!

— கத்தாத. இது என்னன்னு தெரியுதா, என் கையில? மொட்டைக் கடுதாசி. போன வருஷ ப்ராக்டிகல்ல ஒரு பையனுக்கு லேப் அட்டெண்டர் உப்புப் பேரை முன்னாடியே சொல்லிட்டார்னு எழுதியிருக்கான் எவனோ.

— பொய்! யாரு மேடம் எழுதினது? எங்கப்பாவா அப்படிச் சொல்வார்? வீட்ல என்கிட்டகூட ஒரு உப்பு பேர் சொன்னதில்ல மேடம். சனிக்கிழமையானா நானும் அவரோட சேந்து குழாய் கழுவறேன். லேபிளைக் கிழிச்சிட்டுத்தான் பாட்டிலை என் கையிலயே குடுப்பார். கண்டுபிடி பாக்கலாம்னு சிரிப்பார். அப்படித்தான் நானாப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். பளிச்சுனு நீலமா இருந்தா செம்பு, வெளிறின பச்சைன்னா இரும்பு…

— நில்லு. என்ன சொன்ன?

— இரும்பு மேடம்.

— அதுக்கு முன்னாடி. சனிக்கிழமை லேப்ல யாரு இருப்பா?

— நான்… அப்பாவோட…

— கேட்டியாப்பா அட்டெண்டர்? பூட்டின லேப்ல உன் பொண்ணு பாட்டிலும் கையுமா! லேபிள் கிழிச்ச பாட்டில்! இவ வாயாலயே வருது. இதையும் இந்தக் கடுதாசியோட சேத்து நிர்வாகத்துக்கு அனுப்பட்டுமா?

— ஐயோ மேடம்… பாப்பா, ஏம்மா இப்படி… வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்.

— நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்பா சொன்னேன்.

— நல்லதுக்குச் சொன்னாளாம். நெருப்பில்லாமப் புகையுமான்னு கேப்பாங்க அங்க. பதில் சொல்ல நீ வருவியா?

— மேடம், அந்தக் கடுதாசியைக் கொஞ்சம் காட்டுங்களேன்.

— எதுக்கு?

— எழுத்தைப் பாத்தா யாருன்னு சொல்லிடுவேன். வகுப்புல பாதிப் பேருக்கு நோட்டு எழுதிக் குடுக்கறதே நான்தான். எல்லார் எழுத்தும் எனக்கு அத்துப்படி.

— காட்ட முடியாது. இது ஆபீஸ் விஷயம். இவ யாரு, துப்பறிய வந்திருக்காளா? இப்ப நான் சொல்றதைக் கவனி. நீ இந்த லெட்டரை எழுதிக் குடுத்துட்டா, அட்டெண்டர் மக லேப் பக்கமே வரப்போறதில்ல, சும்மா வயித்தெரிச்சல்ல எவனோ எழுதினதுன்னு இதைக் கிழிச்சுக் கூடையில போட்டுடுவேன். எழுத மாட்டேன்னு அடம் பிடிச்சா, சாயங்காலமே இது மேல போகும். உங்கப்பனுக்கு எத்தனை வருஷம் ஆச்சு இங்க?

— பதினேழுங்க மேடம்.

— பதினேழு வருஷம். ஒரு நாள்ல போகும்.

— ஒரே ஒரு சந்தேகம் மேடம். அட்டெண்டர் பொண்ணு லேப்ல இருக்கக் கூடாதுன்னா, எங்கக்காவுக்கும் கிடையாதா? அவளும்தானே சயின்ஸ் கேட்டிருக்கா. ஒரு வருஷம் ஃபெயிலாகி, இப்பத்தான் என்னோட சேந்து பாஸ் பண்ணியிருக்கா.

— உங்கக்கா எவ்வளவு?

— நாப்பத்தொண்ணு.

— நாப்பத்தொண்ணு வாங்கறவ மேல எவனாவது சந்தேகப்படுவானா? தொண்ணூத்தெட்டு வாங்கறவ மேலதான் படுவான்.

— அப்ப நானும் நாப்பத்தொண்ணு வாங்கியிருந்தா என்னைச் சேத்திருப்பீங்களா மேடம்?

— அட்டெண்டர், இவளைக் கூட்டிட்டுப் போ. எனக்கு வேற வேலை இருக்கு. கடுதாசி போற இடத்துக்குப் போகட்டும்.

— மேடம், மேடம், ஒரு நிமிஷம் பொறுங்க. பாப்பா, இங்க பாரு. உங்கப்பன் மூஞ்சியைப் பாரு. இந்த வயசுக்கு மேல எவன்மா எனக்கு வேலை குடுப்பான்? ஆசிட் பட்ட கை வேற. எங்க போய் நிப்பேன்? உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

— அம்மா என்னைத்தான்பா சொல்லுவாங்க. அக்கா பொறந்த அன்னிக்குத்தான் உங்களுக்கு இந்த வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. நான் பொறந்த மாசம் உங்க கையில ஆசிட் கொட்டிச்சு. இப்ப வேலையும் போச்சுன்னா, நான் பொறந்த ராசின்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாங்க.

— அதெல்லாம் நான் சொன்னேனாம்மா? நான் என்னிக்காவது உன்னை அப்படிச் சொல்லியிருக்கேனா?

— நீங்க சொன்னதில்லப்பா. நீங்க மட்டும்தான் சொன்னதில்ல.

— அப்ப எனக்காக எழுதும்மா. உன் கால்ல வேணும்னாலும்…

— அப்பா! என்னப்பா இது? எந்திரிங்க! ஐயோ, மேடம் முன்னாடி… எந்திரிங்கப்பா, நான் எழுதறேன். எழுதறேன்னு சொல்றேன்ல? எந்திரிங்க முதல்ல.

— எந்திரிப்பா. தரையெல்லாம் தூசி. உக்காரும்மா, பேனாவை எடு. எதுவரைக்கும் வந்த?

— “சுய விருப்பத்தின் பேரில்.”

— “தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு வணிகவியல் பிரிவில் இடம் அளித்தால் முழுமனதுடன் ஏற்றுக்கொள்வேன்.”

— முழுமனதுடன்… சேத்து எழுதணுமா மேடம், பிரிச்சு எழுதணுமா?

— சேத்தே எழுது.

— எழுதிட்டேன்.

— “இதில் எவருடைய வற்புறுத்தலும் இல்லை.” வற்புறுத்தலுக்கு வல்லின ற.

— தெரியும் மேடம்.

— தேதி போடு. கையெழுத்துப் போடு. கீழ கொஞ்சம் இடம் விடு, பெற்றோர் கையெழுத்துக்கு. வாப்பா அட்டெண்டர்.

— என்கிட்ட பேனா இல்லீங்க மேடம்.

— இதுலயே போடுங்கப்பா. இந்தப் பேனா நல்லா எழுதும். ஃபர்ஸ்ட் வந்ததுக்கு நீங்க வாங்கிக் குடுத்ததுதான்.

— முடிஞ்சுதா? குடு இங்க. நல்ல எழுத்துடி உனக்கு. அடித்தல் திருத்தல் ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல கணக்கு எழுதறதுக்கு ஏத்த கை. பொழச்சுக்குவ.

— அந்தக் கடுதாசியைக் கிழிச்சிடுவீங்கதானே மேடம்?

— கிழிச்சிடுவேன்னு சொன்னேன்ல? என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா?

— இருக்கு மேடம். அப்பா, அழாதீங்க. கண்ணைத் துடைங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன், எனக்கே பிடிக்கலன்னு. காமர்ஸும் ஒண்ணும் மோசமில்ல. அக்காவாவது சயின்ஸ் படிக்கட்டும். அவளுக்கு உப்பு வராது, வீட்ல உக்காந்து நான் சொல்லிக் குடுக்கறேன்.

— சரி சரி, கிளம்பு.

— மேடம், ஒரே ஒரு…

— இன்னும் என்னடி?

— சனிக்கிழமை குழாய் கழுவ மட்டும் வரலாமா? பாட்டில் எதையும் தொட மாட்டேன்.

— கூடாது.

— சரிங்க மேடம்.

— கதவைச் சாத்திட்டுப் போ.

— அப்பா, நான் கீழ நிக்கறேன்.

— போயிட்டாளா?

— போயிட்டா மேடம். மாடிப்படி இறங்கிட்டா.

— உக்காருய்யா. கால்ல விழறதெல்லாம் நாம பேசினதுல இல்லையே?

— சட்டுனு தோணிச்சுங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா அடுத்த சந்தேகத்தைக் கேட்டிருப்பா. அவ கேள்வி கேக்க ஆரம்பிச்சா எனக்குத் தாங்காதுங்க மேடம்.

— கடுதாசியைக் காட்டுன்னு கேட்டாளே, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. ஃபேன் ரிப்பேருக்கு வந்த சீட்டைத்தான் அவ்வளவு நேரம் கையில வச்சு ஆட்டிட்டு இருந்தேன்.

— நானும் பாத்தேங்க மேடம்.

— இவ்வளவு கூத்து எதுக்குய்யா? ஊழியர் வீட்டுக்கு சயின்ஸ்ல ஒரு இடம்தான், மார்க்குப்படி அது உனக்கு வந்திருக்கு, ஆனா அக்காவுக்கு விட்டுக்குடுன்னு நீயே வீட்ல சின்னவகிட்ட நேரா சொல்லியிருக்கலாமே.

— சொன்னா என்னை வெறுத்துடுவா மேடம். இப்ப உங்களை வெறுப்பா. உங்களுக்கு அது ஒரு தூசு.

— நல்லா இருக்குய்யா உன் நியாயம்! மூத்தவ மேல அப்படி என்ன உசுரு?

— ராசிக்காரிங்க மேடம் அவ. அவ வந்தப்புறம்தான் என் வீட்ல அடுப்பு ஒழுங்கா எரிஞ்சுது. போன வருஷம் ஃபெயிலானதுக்கு மூணு நாள் அழுதா, வீடே இருண்டு போச்சு. தங்கச்சி சயின்ஸு, அவ காமர்ஸுன்னா தலை நிமிர மாட்டா. சின்னவ தாங்குவா. தாங்கறவ தலையிலதானே மேடம் பாரம் ஏத்த முடியும்?

— உன் பொண்ணு, உன் பாடு. போன வருஷம் ப்ராக்டிகலுக்கு முந்தின நாள் என் பையன் காதுல நீ ஒரு வார்த்தை சொன்ன. இன்னிக்கு நான் உனக்கு இதைச் செஞ்சுட்டேன். உப்புக்கு உப்பு சரியாப் போச்சு. இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

— எந்தப் பேச்சுங்க மேடம்?

— அது! அப்படித்தான் இருக்கணும். சரி, மூத்தவ ஃபாரத்தைக் குடு. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.

— இந்தாங்க மேடம். ரொம்ப நன்றிங்க.

— பேரு சரி… மார்க்கு நாப்பத்தொண்ணு, சரி… அடேயப்பா! காரணம் அஞ்சு வரியும் ரொப்பியிருக்காளே. “சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அடியில் ஒரு துளி நீலம் தங்கியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது ஏன் என்னை விட்டுப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளவே நான் அறிவியல் படிக்க விரும்புகிறேன்.” ஏன்யா, இவ்வளவு விவரமானவளா உன் மூத்த பொண்ணு? இவளுக்கா நாப்பத்தொண்ணு?

— அவளுக்கு எங்கங்க மேடம் இதெல்லாம் வரும்…

— இரு, இரு. இந்த ‘ற’வைப் பாரு. இதோ, இப்ப எழுதின லெட்டர்ல ‘வற்புறுத்தல்’. அதே சுழி. ரெண்டும் ஒரே கை!

— ஆமாங்க மேடம். நேத்து சாயங்காலம் சின்னவதான் எழுதிக் குடுத்தா. தனக்குன்னு வச்சிருந்த காரணத்தை அக்காவுக்குக் குடுத்துட்டு, தன் ஃபாரத்துல ‘எனக்குப் பிடிக்கும்’னு மட்டும் போட்டுக்கிட்டா.